டாக்டர் மாற்றிக் கேட்ட கேள்வி

டாக்டர் தன் சுழல் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அப்பாவின் பக்கத்தில் கிடந்த நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் ஒரு கால் தரையில் சரியாகப் பதியாமல் லேசாக ஆடியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. ஐந்து வாரம் மனநல வார்டில் இருந்துவிட்டு அன்றுதான் வீட்டுக்குப் போகிறேன். மருந்தின் கனத்தில் இமைகள் தாமாக இறங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்தக் காட்சி எனக்கு இன்றும் தெளிவாக இருக்கிறது. அப்பா சண்டை போடத் தயாராக வந்திருந்தார். எங்கள் ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து ஜொகூர் பாரு வரும் வழியெல்லாம் என்னென்ன கேட்பது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்திருப்பார் போலிருக்கிறது. அறைக்கு வெளியே காத்திருந்தபோது அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"நான்தான் பிழை விட்டது, ஐயா. நான் குடுத்த மருந்துதான் உங்கட பிள்ளையை இந்தப் பக்கம் தள்ளியிருக்க வேணும்."

எந்த மருத்துவமனையிலும், எந்த அலுவலகத்திலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இப்படிப் பேசி அப்பா கேட்டதில்லை. கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரவால்ல டாக்டர்" என்றார். "பரவாயில்லை எண்டு சொல்லாதேங்கோ" என்றார் டாக்டர். "பிள்ளை தண்டவாளத்தில நடந்திருக்கு."

டாக்டர் இலங்கைத் தமிழர். அவருடைய தாத்தா காலத்திலேயே மலாயாவுக்கு வந்த குடும்பம். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசியிருப்பார்கள். ஆனால் தமிழ் பேசும்போது யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே வந்துவிடும். முதலில் எங்களுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குட்டை முடி, எப்போதும் தட்டையான கறுப்புச் செருப்பு, சட்டைப் பையில் மூடி தொலைந்த பேனா. ஆட்களின் முகம் அவருக்கு மறக்காது, பெயர் மறந்துவிடும். பயிற்சி மருத்துவர்களிடம் சட்டென்று கோபப்படுவார். பிறகு அவர்களுக்கே தேநீர் வாங்கிக் கொடுப்பார். வளரிளம் பிள்ளைகளுக்கு வருகிற பைபோலார் நோயில்தான் அவருடைய தனி அக்கறை இருந்தது. மனம் சில காலம் தாங்க முடியாத உயரத்துக்கும் சில காலம் எழ முடியாத பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய் அது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதல் தடவை நான் அவரிடம் போனபோது எதையும் தெரிந்துகொள்ளும் நிலையில் இல்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் நான் பள்ளத்தில் விழுந்தேன். காரணம் என்று எதையும் சொல்ல முடியவில்லை. படிவம் நான்கு, அதாவது பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பூப்பந்து அணிக்கு நான்தான் தலைவி. ஒரு நாள் காலையில் மட்டையை எடுத்துப் பைக்குள் வைப்பது பெரிய வேலையாகத் தெரிந்தது. அடுத்த வாரம் பல் துலக்குவது பெரிய வேலையாகத் தெரிந்தது. அம்மா தலை வாரிவிடும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் வேறு யாரையோ பார்ப்பது போலிருக்கும். சாப்பாடு இறங்கவில்லை. பள்ளி ஆலோசகர் கடிதம் கொடுத்து அனுப்ப, அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போனார். அப்பா தெப்ராவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டுநர். அவர் விடுப்பு எடுப்பது அபூர்வம்.

டாக்டர் அன்று நிறையக் கேள்விகள் கேட்டார். அவற்றில் ஒன்று: "குடும்பத்தில வேற ஆருக்கும் மனநோய் இருக்கோ?" அப்பா யோசிக்கவே இல்லை. "இல்ல டாக்டர். எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாருமில்ல." டாக்டர் தாளில் ஒரு கோடு போட்டார். எனக்கு மனச்சோர்வு என்று முடிவு செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியிலிருந்து பார்க்க அது மனச்சோர்வுதான். இளம் வயதில் இந்த நோய் பெரும்பாலும் சோர்வின் முகத்தோடுதான் முதலில் வாசலுக்கு வரும், அந்த முகத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் சிலரை அது எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடும் என்பது டாக்டருக்குத் தெரியாததல்ல. அதனால்தான் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். கிடைத்த பதில் பொய்யான பதில். ஆனால் அப்பா பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் நான் எழுந்தேன். எழுந்தேன் என்பது குறைவான சொல். உலகத்துக்கு யாரோ விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. மரங்களின் பச்சை அப்படியொரு பச்சையாக இருந்தது. தூக்கம் தேவைப்படவில்லை. பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். அம்மா முதல் இரண்டு நாள் சாமிக்கு நன்றி சொன்னாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, அப்பா எடுத்து வைத்திருந்த மஞ்சள் பெயிண்டால் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் இரும்புக் கேட்டைப் பாதி அடித்து முடித்திருந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டுக் கேட்டையும் ஒரே நிறமாக்கிவிட்டால் மனிதர்களிடையே சண்டையே இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் காலையின் இன்பத்தை நான் மறைக்கப் போவதில்லை. அது பொய்யான இன்பமாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் எனக்கு அவ்வளவு வெளிச்சமாக இருந்ததில்லை. இந்த நோய் வந்தவர்கள் மருந்தை நிறுத்துவதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். நல்லவர்கள் சொல்லும் எந்த அறிவுரையும் அதோடு போட்டி போட முடியாது.

அன்றே முற்பகலில், இந்தச் செய்தியைப் பக்கத்து நகரமான குளுவாங்கில் இருக்கும் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று கிளம்பி, தண்டவாளத்தின் நடுவில் நடக்க ஆரம்பித்தேன். ரயில் வந்தால் அது நிற்கும் என்று உறுதியாக நம்பினேன். தண்டவாளத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மூன்று மலாய்த் தொழிலாளர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் வயதானவர் என்னைத் திட்டவில்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. "மாரி அடிக், பானாஸ் நி, மினும் டுலு" என்று, வெயிலாக இருக்கிறது, முதலில் தண்ணீர் குடி என்று கூப்பிட்டு, தன் கூடாரத்து நிழலில் உட்கார வைத்தார். அவருக்கும் கேட்டுகளைப் பற்றி விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இன்னொருவரைக் கண்ணால் அனுப்பி ஸ்டேஷனில் சொல்ல வைத்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே சரக்கு ரயில் ஒன்று கடந்து போனது. அது நிற்கவில்லை.

இவ்வளவும் நடந்து, ஐந்து வாரம் வார்டிலும் கழிந்த பிறகுதான் டாக்டர் அந்த நீல நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்டதோடு அவர் நிறுத்தவில்லை. கேட்ட கேள்வியை மறுபடி கேட்டார். ஆனால் இந்தத் தடவை வேறு விதமாகக் கேட்டார்.

"ஐயா, நோயெண்டு ஒண்டையும் யோசிக்காதேங்கோ. உங்கட சொந்தத்தில, ஆராவது நாள்கணக்கா தூங்காமல், நிறுத்தாமல் கதைச்சு, பெரிய பெரிய திட்டமெல்லாம் போட்டவை இருக்கினமோ? பிறகு அதே ஆள் மூலையில போய்ப் படுத்து எழும்பாமல் கிடந்ததுண்டோ?"

அப்பா நிமிர்ந்தார். பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "அது..." என்றார் அப்பா. "அது சீக்கு இல்ல டாக்டர். அது காத்துக் கருப்பு. என் தம்பி. லாபிஸ்ல இருக்கான்."

எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். சித்தப்பாவும் படிப்பில் கெட்டிக்காரர். பதினேழு வயதில், தாங்கள் குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தில் புதுப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன் என்று சொல்லி, லாரி பிடித்து, தோட்டம் முழுக்க விருந்துக்கு அழைத்திருக்கிறார். ஜனங்கள் வந்து பார்த்தால் விருந்தும் இல்லை, லாரிக்காரருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. பூசாரி வந்தார். அடித்தார்கள். பிறகு அப்பாவே, அப்போது இருபது வயது, லாரிக் கயிற்றால் தம்பியைக் கட்டிலோடு மூன்று நாள் கட்டி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த 'வேகம்' வரும். அப்பாவின் சகோதரியான லாபிஸ் அத்தை அவரைத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. அப்பாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த சமயம் அது.

"நீங்கள் பொய் சொல்லேல்லை" என்றார் டாக்டர். "நான் கேட்ட விதம் பிழை. நான் நோயைக் கேட்டன். உங்கட வீட்டில அதுக்கு அந்தப் பேர் இல்லை." பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நோயாளியின் கோப்புக்குத் தேவையே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "அவரை இப்ப ஆர் பாக்கினம்?"

லாபிஸ் அவருடைய மருத்துவமனையின் எல்லைக்குள் வராது. அந்தப் பக்கத்து மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாலே அவர் கடமை முடிந்திருக்கும். கடிதமும் எழுதினார். ஆனால் கடிதத்தைப் பார்த்தெல்லாம் சித்தப்பா வீட்டை விட்டு வர மாட்டார் என்று அப்பா சொன்னதும், இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு லாயாங் லாயாங் வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டார். பின் இருக்கை முழுக்கக் கோப்புகள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அத்தை வீடு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்தது. பின்பக்க அறையில் வெளியிலிருந்து போடும் தாழ்ப்பாள் ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது. சித்தப்பா வெளியேதான் உட்கார்ந்திருந்தார். அது அவருக்கு அமைதியான காலம். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், அப்பாவின் மூக்கு. டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அவருக்கு எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். அத்தை ஏதோ சொல்ல வந்தபோது, "அவர் சொல்லட்டும்" என்றார். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் சித்தப்பா பேசினார். எது எப்போது தொடங்கும், தொடங்குமுன் சாப்பாட்டின் ருசி எப்படி மாறும், எந்த மாதத்தில் அதிகம் வரும், இறங்கும்போது எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் கணக்குப் பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னார். அத்தனை வருடமாகத் தன்னையே கவனித்து வைத்திருக்கிறார். அதைக் கேட்க ஆள் வந்ததில்லை. அவர் சொன்னதில் பாதி எனக்கும் நடந்தது. அத்தை கொடுத்த மிக்சர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பா தூரமாக நின்றிருந்தார். டாக்டர் சித்தப்பாவின் கையில் இரத்த அழுத்தக் கருவியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "நான்தான்டா உன்னைக் கட்டுனேன்" என்றார். வேறு எதுவும் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

சித்தப்பா கையை நீட்டியபடியே, "தெரியும்ணே" என்றார். "லூசாத்தான் கட்டுன. கை வலிக்கக் கூடாதுன்னு."

லாபிஸுக்குப் பக்கத்தில், சிகாமட்டில் இருந்த மருத்துவர் அவருக்கு லித்தியம் கொடுக்கத் தொடங்கினார். இது அற்புதக் கதையல்ல. முதல் வருடம் கை நடுங்குகிறது என்று இரண்டு தடவை நிறுத்தினார். அளவைக் கூட்டிக் குறைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, மெதுவாகத்தான் சரியானது. அந்தத் தாழ்ப்பாளை அத்தை கழற்றியது இரண்டாம் வருடத்தில்.

என் கதைக்கு வருகிறேன். டாக்டர் அப்போதுதான் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். பைபோலார் உள்ள இளம் பிள்ளைகளின் மூளை எப்படி வேலை செய்கிறது, அந்த நோய் இல்லாத பிள்ளைகளிடமிருந்து எங்கே மாறுகிறது, ஆரம்பத்திலேயே அடையாளம் காண வழி உண்டா என்று பார்ப்பதற்கு. எம்.ஆர்.ஐ. இயந்திரம் வாரநாட்களில் நோயாளிகளுக்கே போதாது. சனிக்கிழமை காலை மட்டும் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். நானும் அப்பாவும் யோசித்துக் கையெழுத்துப் போட்டோம். அப்பாவுக்கு அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. "படத்துல தெரிஞ்சிரும்ல டாக்டர்? எங்க கெட்டுப் போயிருக்குன்னு?" டாக்டர் அந்த நம்பிக்கையை அன்றே உடைத்தார். ஒரு பிள்ளையின் படத்தை மட்டும் பார்த்து இது இந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாது, நிறையப் பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தெரியவரும், அதனால் இப்போதைக்கு எனக்கு எந்தப் பயனும் இருக்காது என்றார். "பிறகு வாற பிள்ளையளுக்கு இருக்கலாம். இல்லாமலும் போகலாம்." அப்படிச் சொல்லி ஆள் சேர்த்த ஒருவரை அதற்குப் பிறகு நான் எந்தத் துறையிலும் பார்க்கவில்லை.

இயந்திரத்துக்குள் படுக்கப் பயந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தானே படுத்துக்காட்டினார். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் அப்படிச் செய்வார் என்று ரேடியோகிராபர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே தகரக் கொட்டகையில் ஆணி அடிப்பது போன்ற சத்தம். தலைக்கு மேல் கண்ணாடியில் ஒன்றன்பின் ஒன்றாக முகங்கள் வரும். கோபமா, பயமா, சாதாரணமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மனிதரின் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்மேல் கடும் கோபத்தில் இருக்கிறார் என்று பொத்தானை அழுத்தினேன். பல மாதம் கழித்து, ஆய்வின் அந்தப் பகுதியெல்லாம் முடிந்தபின், டாக்டர் அதே முகத்தைத் தாளில் காட்டினார். அது வெறும் முகம். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்களைப் போன்ற பிள்ளைகள் சிலர் அமைதியான முகத்தைக்கூட மிரட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள், பயத்தைக் கவனிக்கும் மூளைப்பகுதி அவர்களுக்குத் தேவைக்கு மேல் விழித்துக்கொள்கிறது போலிருக்கிறது, வேறு நாடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள் என்றார். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பதினான்கு வயதிலிருந்து அப்பா வேலை முடிந்து வரும்போதெல்லாம் என்மேல் கோபமாக வருகிறார் என்று நம்பியிருந்தேன். அவர் வெறுமனே களைத்துப் போய் வந்திருக்கிறார்.

பத்தொன்பது வயதில், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, மாத்திரையைப் பாதியாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி வெளிச்சம் வர ஆரம்பித்தது. அந்தச் சமயம்தான் எனக்கு இரண்டாவது படம் எடுக்கும் தேதி. ஆய்வில் ஏற்கெனவே பலர் விலகியிருந்தார்கள். ஒவ்வொருவரின் இரண்டாவது படமும் டாக்டருக்குத் தங்கம் மாதிரி. எனக்காக இரண்டு மாதம் காத்திருந்து நேரம் வாங்கியிருந்தார். நான் வேகமாகப் பேசிக்கொண்டே உள்ளே வந்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இயந்திர அறையின் கதவைத் தானே சாத்தினார். "படம் பிறகு பாப்பம். இப்ப வா பிள்ளை, வார்டுக்குப் போவம்." நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். வார்டில் மருந்துகளை மாற்றிவிட்டதால் அதற்கப்புறம் என்னை ஆய்வுக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. என் இரண்டாவது படம் எடுக்கப்படவே இல்லை.

அந்த ஆய்வில் நான் செய்த உருப்படியான காரியம் என்றால் அது படத்தில் இல்லை, கேள்வித்தாளில்தான். குடும்பங்களிடம் கேட்பதற்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு தமிழ்த் தாள் இருந்தது. 'தாங்கள் மிகையான களிப்பு மனநிலையை அனுபவித்ததுண்டா?' என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சிரிக்கிறாய்?"

"யாருமே இப்படிப் பேச மாட்டாங்க டாக்டர். எங்கம்மாகிட்ட இதைக் கேட்டா, இல்லைன்னுதான் சொல்வாங்க. பயந்துடுவாங்க லா."

"அப்ப எப்படிக் கேக்கிறது?"

"கால் தரையில படாத மாதிரி இருந்துச்சான்னு கேளுங்க. வாய் ஓயலையான்னு கேளுங்க."

அவர் அந்தத் தாளைக் குறுக்கே மடித்து ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம், மாதம் இரண்டு மாலை, நானும் அவரும் தாதி அக்கா ஒருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் எங்கள் பேச்சுக்கு மாற்றினோம். சித்தப்பா சொன்ன சொற்கள் பல அதில் சேர்ந்தன. 'வேகம்' சேர்ந்தது. 'காத்துக் கருப்புன்னு சொல்லி யாரையாவது பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போனீங்களா' என்ற கேள்வி சேர்ந்தது. ஆனால் என் சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவும் மாட்டார். வெவ்வேறு ஊர்க்காரர்களிடம் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியில்லை என்றால் என் அருமையான வாக்கியத்தை இரக்கமில்லாமல் அடித்துவிடுவார். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறேன். அந்தக் கேள்வித்தாளைப் பற்றிக் கட்டுரை எழுதி முடித்தபோது, "உன்ர பேரும் இதில வர வேணும். ஆனால் பேர் வந்தால் உனக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு நாளைக்கு ஆரும் ஊகிக்கலாம். யோசிச்சுச் சொல்லு" என்றார். நான்கு மாதம் யோசித்தேன். எனக்காக அந்தக் கட்டுரை நான்கு மாதம் காத்திருந்தது. அப்பாதான் கடைசியில், "ஒளிச்சு வச்ச வரைக்கும் போதும்மா" என்றார். என் பெயர் அப்பாவின் பெயரோடு சேர்ந்து அச்சில் வந்தது.

முடிவுகள் ஆங்கிலச் சஞ்சிகையில் வந்ததோடு மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். டாக்டர் ஒரு சமூக மண்டபத்தை எடுத்து, கலந்துகொண்ட பிள்ளைகளையும் குடும்பங்களையும் அழைத்தார். கறிபாப் பலகாரமும் தேநீரும் இருந்தன. மலாயில், ஆங்கிலத்தில், தமிழில் மூன்று தடவை பேசினார். சில வித்தியாசங்கள் தெரிந்தன, தெரியும் என்று எதிர்பார்த்த சில தெரியவில்லை, எங்கள் எண்ணிக்கை குறைவு, இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும் என்றார். பெரிதாக ஏதோ கண்டுபிடித்ததாக ஓர் இடத்தில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. கேள்வித்தாள் மட்டும் பயன்படுகிறது என்றார். முன்பு இல்லை என்று சொன்ன குடும்பங்களில் சில இப்போது பேசுகின்றன.

கேள்வி கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் சித்தப்பா எழுந்தார். அப்பாவின் நீல நிறச் சட்டையைப் போட்டிருந்தார். அவருக்கு அது தொளதொளவென்று இருந்தது. மைக்கை வாங்கவில்லை.

"டாக்டர், எனக்குப் பதினேழு வயசுல இந்த மாதிரி படம் எடுத்திருந்தா, அப்பவே தெரிஞ்சிருக்குமா?"

டாக்டர் ஆறுதலாக எதையாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இல்லை" என்றார். "படத்தில தெரிஞ்சிருக்காது. இப்ப எடுத்தாலும் தெரியாது. ஆனால் ஆராவது உங்களிட்டக் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

சித்தப்பா தலையாட்டினார். "நீங்க கேட்டீங்களே டாக்டர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. தெப்ராவில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. காலையில் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. ஆறு வருடமாக வார்டுக்குப் போகவில்லை. போக நேர்ந்தால் போவேன். டாக்டர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். ஜொகூர் பாருவிலேயே தங்கையோடு இருக்கிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பார்க்கப் போனேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கைத்தடியோடு நடக்கிறார். வழக்கம்போல என் பெயரைச் சொல்ல இரண்டு தடவை தடுமாறினார். சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

சொன்னேன். இரண்டு மாதத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், சித்தப்பாவுக்குச் சாப்பாட்டின் ருசி மாற ஆரம்பித்திருக்கிறது. அத்தை எதையும் கவனிக்கவில்லை. ஒரு காலை அவரே குளித்து, துணி இரண்டு எடுத்து வைத்துக்கொண்டு, லாபிஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், சிகாமட்டுக்கு ரயில் ஏறியிருக்கிறார். மருத்துவமனை முகப்பில் இருந்த பெண்ணிடம், "எனக்கு வேகம் வருது. இன்னும் முழுசா வரல. வரதுக்குள்ள பாத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் அவரைப் பிடித்துக் கட்டவில்லை, யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

டாக்டர் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தானாகவோ போனவர்?"

"தானாத்தான் டாக்டர். ஸ்டேஷன்ல போய்த்தான் அத்தைக்கே போன் பண்ணாரு."

"எந்த ரயில்?"

"காலை ரயில்."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதும், தனக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல்ல இருந்து சொல்லு பிள்ளை. இவவும் கேக்கட்டும்."

நான் முதலிலிருந்து சொன்னேன்.